நானோ கலந்த ‘மட்’ சேற்றுக்கு எந்த மாடல்? 3 ஆர்பிஎம் ரீடிங்கைக் கேளுங்கள்

வீடு யாங்கூனில், மாதத்தில் பாதி நாள் யேனாஞ்சவுங்குக்கு வடக்கே, ஐராவதிக் கரையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் மட் இன்ஜினியர் வேலை. மட் என்றால், தோண்டும்போது குழாய் வழியே உள்ளே விட்டு, வெட்டிய கல்லை மேலே கொண்டுவரும் சேறு. போன வருடம் பென்டோனைட் களிமண் மட்டில் நானோ சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூளைக் கலந்து சோதனையாக ஓட்டினோம். ஷேல் என்ற களிமண் பாறையின் நுண்துளைகள் நானோமீட்டர் கணக்கில் இருப்பவை. பென்டோனைட் துகள் அதில் நுழையாது. நானோ துகள் போய் அடைத்துக்கொள்ளும், பாறை தண்ணீர் குடிப்பது குறையும். அந்த லாபம் தெரிந்ததுதான். தலைவலி, அந்த மட்டின் ஓட்டத்தை எந்த மாடலில் கணக்குப் போடுவது என்பதில். பிங்காம், பவர் லா, ஹெர்ஷல்-பல்க்லி மூன்றையும் போட்டுப் பார்த்து மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

பிங்காம் எளிது. விஸ்கோமீட்டர் என்பது மட்டுக்குள் ஸ்லீவ் என்ற உருளையை நிமிடத்துக்கு இத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று சுழற்றி, மட்டின் எதிர்ப்பை டயலில் காட்டும் கருவி. அதில் 600 ஆர்பிஎம் ரீடிங்கிலிருந்து 300 ரீடிங்கைக் கழித்தால் பிளாஸ்டிக் விஸ்காசிட்டி, அதாவது ஓடும்போது உள்ள பிசுக்கு. அதை 300 ரீடிங்கிலிருந்து கழித்தால் யீல்ட் பாயின்ட், அதாவது ஓடத் தொடங்க வேண்டிய தள்ளு. மழையில் நனைந்துகொண்டே மனக்கணக்காய்ப் போடலாம். பவர் லாவுக்கும் அதே இரண்டு ரீடிங் போதும், ஒரு லாகரிதம் கூடுதல். ஆனால் நின்றுபோன மட்டை நகர்த்த முதலில் ஒரு தள்ளு வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்வதே இல்லை. அதனால் அதைச் சீக்கிரமே ஓரம் கட்டிவிட்டேன்.

ஒரு நாள் எடுத்த ரீடிங்: 600-இல் 62, 300-இல் 42, 200-இல் 34, 100-இல் 25, 6-இல் 10, 3-இல் 9. பிங்காம்படி விஸ்காசிட்டி 20, யீல்ட் பாயின்ட் 22. அதே கணக்கை 3 ஆர்பிஎம்முக்குப் போட்டால் 22-க்குச் சற்று மேலே வருகிறது. டயல் காட்டியதோ 9. பவர் லா 3 என்கிறது. பிங்காம் சொல்வது இரண்டு மடங்குக்கும் மேல், பவர் லா சொல்வது மூன்றில் ஒரு பங்கு. முதல் தள்ளையும் பவர் லாவையும் சேர்த்த ஹெர்ஷல்-பல்க்லி 9.6 என்கிறது, 100-இல் 24.3, 200-இல் 34. நடுவில் உள்ள 100, 200 ரீடிங்குகளைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு நெருக்கம்.

3 ஆர்பிஎம்மை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்? குழாய்க்குள் மட் வேகமாக ஓடும், அங்கே 600-ம் 300-ம் பேசட்டும். குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே மேலேறி வரும்போது வேகம் குறைவு. வெட்டிய கல்லைத் தூக்கி வருவது அங்கேதான், பம்பை நிறுத்தினால் கல்லைத் தாங்கிப் பிடிப்பதும் அங்கேதான். நானோ துகள் களிமண் தகடுகளோடு சேர்ந்து கட்டமைப்பை மாற்றுவது இந்த மெதுவான பகுதியில்தான் அதிகம் தெரிகிறது. எங்கள் மட்டில் நானோ போடுவதற்கு முன் 3 ஆர்பிஎம் ரீடிங் 5, போட்டபின் 9. 600 ரீடிங் அந்த அளவுக்கு ஏறவில்லை.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் பிங்காமை நம்பி, அடியில் அழுத்தம் கூடுகிறது, பாறை வெடித்துவிடும் என்று பயந்து தண்ணீர் விட்டு மட்டை நீர்க்கடித்தோம். 3 ஆர்பிஎம் ரீடிங் 4-க்கு இறங்கிவிட்டது. மறுநாள் காலை டெரிக் கோபுரத்தில் வேலை செய்யும் பகோ ஊர்த் தமிழ்ப் பையன் கூப்பிட்டான்: “அண்ணே, ஷேக்கர்ல கல்லே வரலியே!” ஷேக்கர் என்பது மேலே வரும் மட்டிலிருந்து கல்லைச் சலித்தெடுக்கும் சல்லடை. போய்ப் பார்த்தால் அதன் வலைமேல் வெறும் சேற்றுத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்லெல்லாம் கீழேயே தங்கிவிட்டது. குழாய் அரை நாள் அசையவில்லை. அழுத்தம் உண்மையில் பிங்காம் சொன்ன அளவுக்கு ஏறவே இல்லை.

சரி, ஹெர்ஷல்-பல்க்லிக்குப் பராமரிப்பு உண்டு. மூன்று எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 3 ரீடிங்கை இரட்டித்து 6 ரீடிங்கைக் கழித்து யீல்ட் ஸ்ட்ரெஸ், அதாவது அந்த முதல் தள்ளை, எடுப்பது குறுக்குவழி. நம் மட்டுக்கு 8. டயலை ஒரு கோடு தவறாகப் படித்து 9-ஐ 8 என்று எழுதினால் அது 6 ஆகிவிடும், அதாவது கால் பங்கு போச்சு. அதனால் ஆறு ரீடிங்கையும் எக்செல் சால்வரில் போட்டுப் பொருத்துகிறேன். அதிலும் ஒரு வம்பு: நானோ இல்லாத மெல்லிய மட்டுக்கு ஒருமுறை யீல்ட் ஸ்ட்ரெஸ் மைனஸில் வந்து நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே போகாதே என்று கட்டுப்பாடு வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஸ்லீவுக்குள் காய்ந்து ஒட்டிய பென்டோனைட்டைத் துடைக்காமல் எடுத்த 3 ரீடிங்கை நான் எழுதுவதே இல்லை.

எங்கள் கிணறுகள் அதிக ஆழமில்லாதவை. விஸ்கோமீட்டரில் மட் ஊற்றும் கப்பை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. யாடனா எரிவாயு வயல் மாதிரிக் கடல் கிணறுகளில் வேலை பார்த்ததுமில்லை. அங்கே வேறு கதையாக இருக்கலாம். இன்னொன்று, மொகிங்கா குழம்பு அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் இறுகுமே, அதுபோல நானோ கலந்த மட் சேறும் நிற்க நிற்க இறுகும். இந்த மூன்று மாடலிலும் அதற்கு இடமில்லை. 10 விநாடி, 10 நிமிடம் மட்டை அசையாமல் வைத்து எடுக்கும் ஜெல் ரீடிங்கைத் தனியாக ஒரு பத்தியில் குறித்துக்கொண்டு, பம்பை மறுபடி போடுமுன் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.