மட்டாஞ்சேரி பரதேசி யூத ஆலயம்: பார்க்கப் போகிறவர்களுக்கு

கொச்சியில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கும்பலோடு போனால் பாதிதான் கண்ணில் படும். காரணம், இங்கே முக்கியமானதெல்லாம் காலடியிலும் தலைக்கு மேலும்தான் இருக்கிறது.

1568இல் கொச்சி ராஜா கொடுத்த நிலத்தில், அரண்மனைக் கோயிலை ஒட்டியே கட்டியது. 1662இல் போர்ச்சுக்கீசியர் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் காலத்தில் மறுபடி எழுந்தது. மணிக்கூண்டு 1760இல் வந்தது, வணிகர் எசக்கியேல் ரஹாபியின் உபயம். உள்ளே போகும் முன் வெளிச்சுவரில் பதித்திருக்கும் எபிரேயக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். கொச்சங்காடியில் 1344இல் எழுந்து, பிறகு அழிந்துபோன ஆலயத்தில் மிஞ்சியது அது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் முதலில் குனியுங்கள். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் தரை முழுக்க. ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. தூரத்திலிருந்து எல்லாம் ஒரே அச்சாகத்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்: மரக்கிளை ஒன்றில் வளைந்திருக்கும், இன்னொன்றில் நிமிர்ந்திருக்கும், தூரிகை அழுந்திய இடத்தில் நீலம் கருத்திருக்கும். கூட்டம் நின்றுவிட்டால் இதெல்லாம் மறைந்துவிடும், அதனால் திறந்தவுடன் நுழைவது நல்லது.

நடுவில் பித்தளைக் கைப்பிடி சூழ்ந்த மேடை, யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் இடம். மேற்குச் சுவரில் செதுக்கிய மரப்பேழைக்குள் தோரா சுருள்கள். யூதர்கள் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுவார்கள், கேரளத்திலிருந்து பார்த்தால் அது மேற்கே அல்லவா! பெல்ஜியக் கண்ணாடி விளக்குகளை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படியே திரும்பி மாடத்தைப் பாருங்கள். அங்கே இன்னொரு வாசிப்பு மேடை இருக்கிறது, அதன் பின்னால் தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமரும் பகுதி. இப்படி இரட்டை மேடை வைப்பது கேரள யூத ஆலயங்களின் தனி அடையாளம். பல வழிகாட்டிகள் இதைச் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறார்கள், பெரிய குறை அது.

யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் வழங்கிய செப்பேடும் இந்த ஆலயத்தின் சொத்துதான். எழுத்து நம் வட்டெழுத்து.

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளி, சனி, யூதப் பண்டிகை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து மட்டாஞ்சேரி அரண்மனையும் வெள்ளியன்று மூடியிருக்கும், ஆக ஞாயிறு முதல் வியாழன் வரை போனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால் வடக்குப் பரவூர் ஆலயத்துக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். இப்போது அது அருங்காட்சியகம்.