ஐரிஸ் கிழங்கு ஒன்று 18,000 ரூபாயா? முதலில் பெயரின் வயதைப் பாருங்கள்

"இந்த ஆண்டின் புது அறிமுகம், அமெரிக்காவிலிருந்து நேரே" என்று முகநூலில் ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு விற்ற ஒருவரிடம் கல்லடியிலும் கல்முனையிலுமாக நாலு வீட்டார் சேர்ந்து ஆறு கிழங்கு எடுத்தார்கள். ஒன்று 18,000 ரூபாய், முழுக்காசும் முன்கூட்டியே வங்கியில் வைப்பு. பொலித்தீனில் இறுகச் சுற்றி வந்த பார்சலில் ஒழுங்காக இருந்தது பெயர்த்துண்டு மட்டும்தான். இரண்டு கிழங்கு அப்போதே கூழாகி நாறியிருந்தது, இரண்டை மாரி மழை தின்றது. மிச்ச இரண்டும் தளதளவென்று வளர்ந்து பூத்தன. காலையில் விரிந்து அன்றே சுருங்கும் வெள்ளை-நீலப் பூ, பூத்த இடத்திலேயே குட்டி முளைத்து மண்ணில் சாய்ந்தது. அது நியோமாரிகா. ஐரிஸின் ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஆனால் நம்மூர்ப் பூக்கன்றுக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விற்றவர் இப்போது பதில் போடுவதில்லை.

விலை எப்படி வருகிறது என்று தெரிந்திருந்தால் இந்தக் காசு போயிருக்காது. தாடி ஐரிஸில், அதாவது கீழ் இதழில் தாடிபோல் மயிர் உள்ள வகையில், இரண்டு இரகத்தைக் கலந்து விதை எடுத்து, நாற்று முதற்பூ காட்டவே இரண்டு மூன்று வருடம். தேர்ந்தெடுத்து, பெருக்கி, சோதித்து விற்பனைக்கு விட இன்னும் பல வருடம். அறிமுக ஆண்டில் கையிருப்பில் கொஞ்சக் கிழங்குதான் இருக்கும். அதனால் ஒன்று 50 முதல் 75 டொலர் வரை போகும். பெருகப் பெருக விலை இறங்கி, சில வருடத்தில் அதே இரகம் 10 டொலர் அளவில் கிடைக்கும். ஏமாற்றுக்காரருக்கு இந்த இறக்கம்தான் பிழைப்பு. பத்து வருடப் பழசை வாங்கிப் புதுசின் விலைக்கு விற்கிறார்கள். அந்த ஆறு பெயரில் நாலு அப்படித்தான்.

ஐரிஸ் பெயர்களைப் பதிவது அமெரிக்க ஐரிஸ் சங்கம். அதன் இணையக் கலைக்களஞ்சியத்தில் பெயரைத் தேடினால் உருவாக்கியவர், உயரம், நிறம், ஆண்டு எல்லாம் வரும். பதிவு ஆண்டு வேறு, அறிமுக ஆண்டு வேறு. விலையைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். பெயரே இல்லாத "புது இரகம்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். "புத்தம்புது, டைக்ஸ் பதக்கம் வென்றது" என்று ஒரே மூச்சில் சொன்னாலும் அப்படித்தான். ஐரிஸுக்கான அந்த உயரிய பதக்கம் அறிமுகமாகிப் பல வருடம் கழித்தே கிடைக்கும். குங்குமச் சிவப்பில் படம் போட்டால் அது கணினி வேலை. தாடி ஐரிஸில் செங்கல் நிறமும் மெரூனும் உண்டு, அசல் சிவப்பு இல்லை. விதைப் பைக்கற் வாங்கவே வேண்டாம், விதையில் தாயின் பூ வராது.

கிழங்கைப் பார்க்கத் தெரிய வேண்டும். குலை வெட்டிய வாழை மறுபடி குலை தள்ளாது, பக்கக்கன்றுதான் தள்ளும். ஐரிஸும் அதே கதை. பூத்து முடிந்த தாய்க்கிழங்கில் பூக்காம்பு வெட்டிய தழும்பு நடுவில் இருக்கும். அதைத் தலையில் கட்டினால் பக்க முளை தேறும்வரை பூ இல்லை. நல்ல கிழங்கு இஞ்சியைப் போல் தடித்து, அழுத்தினால் கல்லுப்போல் இருக்கும். இலை ஒரு சாண் விட்டு வெட்டியிருக்கும். கடதாசியில் அல்லது மரத்தூளில் வரும். விரல் அமிழ்ந்து கெட்ட வாடை வந்தால் பக்ரீரியா அழுகல்.

வட அமெரிக்கத் தோட்டங்கள் பூப்பருவம் முடிந்து ஜூலை முதல் செப்டெம்பர் வரையில்தான் பெரும்பாலும் அனுப்பும். மாசியில் "இப்போதே பிடுங்கி அனுப்புகிறோம்" என்றால் யோசியுங்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை, வேரில் மண் இருக்கக் கூடாது. "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறேன்" என்பவரின் பார்சலைக் கட்டுநாயக்கவில் பிடித்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையிலோ தாடி ஐரிஸ் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூமொட்டுக் கட்ட வாரக்கணக்கில் குளிர் வேண்டும். இங்கே தை மாத இரவும் இருபது பாகைக்கு மேலேதான். "அரிசோனாப் பாலைவனத்திலேயே பூக்கிறது" என்று படம் காட்டுவார்கள். பாலைவனத்தில் குளிர்கால இரவு பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

நுவரெலியாப் பக்கம் உறவினர் வீட்டில் நடுவதற்காக வாங்குகிறவர்கள் காசு கட்டும் வழியைக் கவனியுங்கள். பேபால் என்ற இணையக் கட்டணச் சேவையில் முறையிட 180 நாள் உண்டு, வங்கி வைப்பில் ஒன்றுமில்லை. ஆனால் ஓகஸ்டில் நட்ட கிழங்கு பூத்து இரகம் தெரியவர அடுத்த வருடம் ஆகிவிடும், அதற்குள் அந்த 180 நாளும் முடிந்துவிடும். ஆகவே பெயர் மாறி வந்தால் பூத்த பிறகும் மாற்றித் தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு காசு அனுப்புங்கள். நல்ல தோட்டக்காரர் தயங்காமல் எழுதித் தருவார்.