வீட்டுக் கமராவும் சிலந்தியும்: குருமன்காட்டிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

ஐப்பசி இடிமின்னலில் பழுதான டீவீஆர், அதாவது வீட்டுக் கமராக்களின் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி, போன கிழமைதான் திருத்தப்பட்டு வீடு வந்து சேர்ந்தது. அதே கிழமையில், கிளிநொச்சி கனகபுரத்தில் வீடு கட்டி முடித்துக் குடிபுகவிருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “உங்கடை வீட்டிலை பூட்டியிருக்கிற கமரா செற்றையே நானும் பூட்டட்டோ? காசுக்குத் தகுமோ?” என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்கள் பல என்பதால், அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வவுனியா குருமன்காட்டில் எங்கள் வீட்டுக்கு 2021 இல் பொருத்திய செற் இது. நான்கு கமராக்கள், ஒரு டெராபைற் வன்தட்டு, இரவுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கைத்தொலைபேசிச் செயலி என்று எல்லோருக்கும் பழக்கமான வகைதான். மற்ற விபரங்களைக் கடைக்காரரே சொல்லுவார். பகல் படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கேற்றடியில் நிற்பவரின் முகமும், அவர் கையில் இருக்கும் பையின் நிறமும் தெளிவாகத் தெரிகின்றன. வன்னி வெயிலில் இத்தனை வருடம் நின்றும் கமராவின் கூடு வெடிக்கவில்லை, கண்ணாடி மங்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சி, அம்மா விறாந்தையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே நித்திரைக்குப் போகிறாள். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் கள்ளர் பெரும்பாலும் பகலில் கேற்றைத் திறந்துகொண்டு வருவதில்லை. இரவில் இந்தக் கமராக்கள் படுத்தும் பாடுதான் இந்தப் பதிவு முழுவதற்கும் காரணம்.

இருள் சூழ்ந்ததும் கமராவின் கண்ணாடியைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அந்த இளஞ்சூட்டையும், மழை படாமல் அதன் தலைக்கு மேல் வைத்திருக்கும் சிறு மறைப்பையும் சிலந்தி நல்ல குடியிருப்பாக எடுத்துக்கொள்கிறது. மாலையில் ஒட்டறைத் தடியால் தட்டிவிட்டாலும் விடிவதற்குள் கண்ணாடிக்கு முன்னால் குறுக்கே ஓர் இழை கட்டப்பட்டிருக்கும். பகலில் கண்ணுக்கே தெரியாத அந்த இழை, விளக்குக்கு மிக அருகில் இருப்பதால், இரவில் ஒளி முழுவதையும் வாங்கித் திருப்பி அனுப்பி, திரையில் கொடிக்கயிற்றின் பருமனில் வெள்ளையாகத் தொங்குகிறது. பனி பிடித்த நாட்களில் இழையின் ஒவ்வொரு துளியும் ஒரு மின்குமிழ் போலப் பளபளக்கிறது. அண்மையில் உள்ள பொருள் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும்போது வெளிச்சத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றும் கமராவுக்குள் இருக்கிறது. அது வேலை செய்யத் தொடங்கியதும் இழை தெளிவாகத் தெரியும், அதற்குப் பின்னால் உள்ள கேற்றும் மதிலும் ஒழுங்கையும் இருளில் மறைந்துவிடும்.

அடுத்த துன்பம், அசைவு கண்டதும் கைத்தொலைபேசிக்கு வரும் அறிவித்தல். இந்த வகைப் பெட்டி, ஒரு படத்துக்கும் அதற்கு அடுத்த படத்துக்கும் இடையே புள்ளிகள் எவ்வளவு மாறியுள்ளன என்பதை ஒப்பிட்டே அசைவைக் கண்டுபிடிக்கிறது. ஆளுக்கும் இழைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. காற்றில் இழை ஆடினால் அறிவித்தல், ஈசல் பறந்தால் அறிவித்தல், சோளகம் வீசும் மாதங்களில் வேப்பங்கொப்பு அசைந்தால் விடியவிடிய அறிவித்தல். உணர்திறனைக் குறைத்தால் உண்மையாகவே ஓர் ஆள் நடந்து வந்தாலும் பெட்டி பேசாமல் இருக்கிறது. ஒரு குடும்பம் இப்படிப்பட்ட ஓசையைச் சில இரவுகள்தான் பொறுக்கும். பிறகு கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் படுக்கும். அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் இருப்பது காவல் அல்ல, வெறும் பதிவேடு. ஆளை மட்டும் பிரித்தறியும் புதிய கமராக்கள் இப்போது வந்துள்ளன. இருந்தாலும் கண்ணாடிக்கு முன்னால் வலை நின்றால் அவற்றாலும் பின்னால் நிற்கும் ஆளைக் காண முடியாது.

பதிவேடாகவாவது பயன்படுமா என்று கேட்கலாம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு முல்லைத்தீவு போயிருந்த இரவில் அந்த வீட்டில் களவு போனது. வைகாசியில் வற்றாப்பளை, ஆவணியில் மடு, நல்லூர் என்று வன்னியில் எந்த வீடு எந்த இரவில் வெறுமையாகக் கிடக்கும் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. விசாரணைக்கு வந்த பொலிஸார் எங்கள் கமராப் பதிவைக் கேட்டார்கள். தலைக்கவசம் அணிந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து திரும்பியது பதிவாகியிருந்தது. ஆனால் இலக்கத்தகடு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டுமே தெரிந்தது. தகட்டின் மேற்பூச்சு ஒளியை வந்த திசைக்கே திருப்பும் தன்மையுடையது என்பதால், அகச்சிவப்பு ஒளி பட்டதும் எழுத்துக்கள் அழிந்துவிடுகின்றன. இலக்கம் வாசிக்க வேண்டுமானால் அதற்கென்றே ஒரு கமராவைத் தாழ்வாக, குறுகிய கோணத்தில், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திப் பொருத்த வேண்டும். இதை விற்பனை நேரத்தில் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், சம்பவம் நடந்த வேளையிலேயே பதிவான ஒளிப்பதிவை எங்கள் நீதிமன்றங்கள் சான்றாக ஏற்க இடமுண்டு. பதிவில் கைவைக்கப்படவில்லை என்பது காட்டப்பட வேண்டும். ஆகவே பெட்டியின் திகதியும் நேரமும் சரியாக இருப்பது மிக முக்கியம். உள்ளே இருக்கும் காசளவு பற்றரி இறந்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் பெட்டி தான் பிறந்த வருடத்துக்குத் திரும்பிவிடும். இணைய நேரத்தோடு இணைத்து, நேர வலயத்தை இலங்கைக்குரிய +5:30 இல் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும். பொருத்துபவர் போவதற்கு முன் இதைச் செய்விக்க வேண்டும். கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். 2016 இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்டிருந்த கமராக்களையும் டீவீஆர்களையும் உலகெங்கும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது.

வன்தட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கமரா செக்கனுக்கு இரண்டு மெகாபிற் வீதம் எழுதினால் நான்கும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 கிகாபைற் எழுதும்; ஒரு டெராபைற் தட்டு பதினொரு நாளில் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதத் தொடங்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்குப் போய் முழுத் திருவிழாவையும் கண்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து திரும்புகிறவர், முதல் கிழமையில் கிணற்றடி மோட்டர் களவு போயிருந்தால் யார் கொண்டுபோனார் என்பதைப் பார்க்க முடியாது. படத்தைக் கூடுதலாகச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையைத் தெரிவுசெய்தால் இட அளவு ஏறத்தாழப் பாதியாகும். எங்கள் பெட்டியில் அந்த வசதி இருந்தும் பொருத்தியவர்கள் பழைய முறையிலேயே விட்டிருந்தார்கள்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இருள் கூடிய அந்த இரவுகளில், பாதுகாப்புக்கென்று வாங்கிய பெட்டி முழுவதும் அணைந்து கிடந்தது. மின்சாரம் போனதும் பற்றரியால் ஓடவைக்கும் சாதாரண யூபிஎஸ் ஒன்றுக்குள் இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றரி. பெட்டியும் கமராக்களும் றவுட்டரும் சேர்ந்து நாற்பது வாற் எடுக்குமானால் அது தாங்குவது ஒன்றரை மணிநேரம் அளவில்தான். அதை ஒவ்வொரு நாளும் அடிவரை வற்றவிட்டால் பற்றரியின் ஆயுளும் விரைவில் முடிந்துவிடும். இப்போது நீண்ட வெட்டு இல்லை என்றாலும், மழைக்காலத்தில் கொப்பு முறிந்து கம்பியில் விழும் இரவுகளில் இதே நிலைதான்.

இடிமின்னலில் பழுதான விதமும் அறியத்தக்கது. சுவர்ச் செருகியில் பாதுகாப்புக் கருவி இருந்தது; அது 230 வோல்ற் வழியாக வரும் அடியைத்தான் தடுக்கும். கேற்றுத் தூணிலிருந்து முற்றத்தைக் கடந்து வரும் செப்புக் கம்பியோ, அருகில் மின்னல் விழும்போது தானே அடியை உள்வாங்கிப் பெட்டிக்குள் கொண்டுவருகிறது. இரண்டு சனல்கள், அதாவது பெட்டியில் கமராக் கம்பி செருகும் இரண்டு இணைப்புகள், எரிந்தது அந்த வழியாகத்தான். இடி முழங்கத் தொடங்கினால் கமராக் கம்பிகளையும் கழற்றிவிடுவது நல்லது என்றார் திருத்துநர். கழற்றிவிட்டால் அந்த இரவில் காவல் இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கமரா பூட்டிய முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “மாமி, உங்கடை கமரா எங்கடை கிணத்தடியைப் பார்க்குதோ?” என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் குளிக்கிறார்கள், மதில்கள் தாழ்வானவை. அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, அந்த மூலையைக் கறுப்புக் கட்டமாக மறைத்துவிட்டோம். பெரும்பாலான பெட்டிகளில் அந்த வசதி உண்டு. அயலவர் கேட்கும்வரை காத்திராமல் பொருத்தும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை அது. களவு நடக்கும் இரவில் முதலில் எழுந்து குரல் கொடுப்பவர் அயலவர்தான். அவருடைய மனத்தைப் புண்படுத்தி எந்தக் கருவியையும் பூட்டக்கூடாது.

இவ்வளவுக்கும் நடுவில் நான் எதிர்பாராமல் மகிழ்ந்தது, பின்வளவில் பூட்டிய அசைவு விளக்கைக் கண்டுதான். அதன் விலை கமராச் செற்றின் விலையில் பத்தில் ஒன்றும் இல்லை. உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்து எரியும் இந்த விளக்குக்கு இழையும் இலையும் ஒரு பொருட்டல்ல. சித்திரை வெயிலில் சூழல் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதன் உணர்வு சற்று மந்தமாகும். இரவு குளிர்ந்ததும் மீண்டும் கூர்மையாகிவிடும். பூனைக்கு எரிவது உண்மை. ஆனால் எரிந்தால் நாய் குரைக்கிறது, நாய் குரைத்தால் நாங்கள் யன்னல் வழியே பார்க்கிறோம், அயலிலும் ஒரு விளக்கு எரிகிறது. கைத்தொலைபேசியின் ஓசையால் இத்தனை வருடமும் நடக்காதது இது.

சிலந்திக்கும் இன்னொரு விளக்கே மருந்தாக அமைந்தது. குசினிப் பக்கக் கமராவின் அகச்சிவப்பை நிறுத்திவிட்டு, சில அடி தள்ளி வேறொரு சுவரில் சிறு வெள்ளை விளக்கொன்றை இரவு முழுவதும் எரியவிட்டேன். பூச்சிகள் விளக்கை நாடிப் போயின; அவற்றைத் தேடிச் சிலந்தியும் அங்கே போனது. கமரா இப்போது இரவிலும் நிறத்தோடு பார்க்கிறது. வேப்பெண்ணெய் பூசச் சொல்கிறார்கள். கூட்டின் மேல் பூசினால் சில நாட்களுக்குப் பலன் உண்டு, கண்ணாடியில் பட்டால் படம் மங்கிவிடும்.

கடைசி வீட்டுக் களவில் கள்ளர் உள்ளே போன வழி குசினிக் கதவு. முன்கதவு முதிரை மரத்தில் கடைந்து செய்தது. பின்கதவோ மெல்லிய பலகையும், சிறு ஆணிகளில் நின்ற ஒரு கொண்டியும். அந்த வீட்டுக் கிணற்றடியிலேயே கிடந்த அலவாங்கால் நிலையோடு சேர்த்து நெம்பியிருந்தார்கள். நிலையில் மூன்று விரல் அகலத்துக்கு மரம் பிளந்து, ஆணிகள் வளையாமல் நேராகவே வெளியே வந்திருந்ததை நான் பார்த்தேன். 2009 இற்குப் பின் ஊருக்குத் திரும்பி, கூரையும் கதவும் யன்னலும் இல்லாமல் நின்ற சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிய வீடுகள் வன்னியில் ஏராளம். காசு வந்த போது முன்பக்கம் மாறியது. பின்பக்கம் அன்று அடித்த தற்காலிகக் கதவோடேயே பல வீடுகளில் நிற்கிறது. அந்த வீட்டுக்குள்தான் பிள்ளையின் கலியாணத்துக்கென்று சேர்த்த நகையும் இருக்கிறது.

நண்பருக்கு என் விடை: வாங்க வேண்டாம். பகல் படத்தையும் தங்கச்சியின் நிம்மதியையும் நான் மறைக்கவில்லை. திருத்துநரின் கட்டணத்தைக் கட்டிய சூடும் என் எழுத்தில் இருக்கலாம். இருந்தும் புதுவீட்டுக்காரர் முதற்காசை இதில் போடுவதை என்னால் ஆதரிக்க முடியாது. பின்கதவுக்கு நல்ல நிலையும், உட்பக்கம் குறுக்கே போடும் இரும்புத் திறாங்கும், யன்னலுக்குச் சுவருக்குள் இறக்கிய கிறிலும், கிணற்றடிக்கு ஓர் அசைவு விளக்கும் முதலில் வரட்டும். அலவாங்கு, ஏணி, மண்வெட்டி எல்லாம் இரவில் உள்ளே பூட்டப்படட்டும். நகை வங்கிப் பெட்டகத்துக்குப் போகட்டும். அதன் பிறகும் காசு மிஞ்சினால் கேற்றடிக்கு ஒரே ஒரு கமரா போதும், அகச்சிவப்பை நிறுத்தி, விளக்கைத் தள்ளிப் பூட்டி. பெட்டி திருந்தி வந்தும் எரிந்தபடியே இருக்கும் அந்த இரண்டு சனல்களையும் நான் இனித் திருத்தப்போவதில்லை. அந்தக் காசுக்கு எங்கள் குசினிக் கதவின் நிலையை மாற்றத் தச்சர் வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். கனகபுரத்து வீட்டின் பின்கதவு அளவை நண்பர் அனுப்பினால் அதையும் அவரிடமே கொடுத்துவிடுவேன்.