சென்னைக்கு வரும் சில வாரங்களில்: பெரியவர்களின் வேலைகளும் பீரோவில் இருக்கும் படங்களும்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் விடுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கரைகிறது. முதல் வாரம் உறவினர் வீடுகள், இரண்டாம் வாரம் கோயிலும் துணிக்கடையும். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போதுதான் அப்பாவின் பென்ஷன், அம்மாவின் ஆதார், வங்கி வேலை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அப்போது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் குறுக்கே நிற்கும். இந்த வேலைகள் எதுவும் கஷ்டமில்லை. ஆனால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். அதனால் வந்திறங்கிய மறுநாளே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தொடங்க வேண்டிய இடம் கைப்பேசி எண். வங்கி, ஆதார், ரயில் டிக்கெட், கேஸ் சிலிண்டர் என்று எல்லாமே ஓடிபியில் நிற்கின்றன. பெரியவர்கள் வீட்டில் அடிக்கடி பார்ப்பது இது: ஆதாரில் பதிவான எண் பத்து வருஷத்துக்கு முந்தையது, வங்கியில் இருப்பது தம்பியின் எண், கையில் இருப்பது மூன்றாவது ஒன்று. பிரீபெய்ட் சிம்மை 90 நாள் தொடவே இல்லையென்றால் நிறுவனம் அதை நிறுத்திவிடலாம். கணக்கில் 20 ரூபாய் மீதி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் தருவார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும், உங்கள் வங்கிக் குறுஞ்செய்திகளும் அவருக்கே போகும். ஆகவே ஒரே எண்ணை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். உங்கள் இந்திய எண்ணை வெளிநாட்டில் வைத்துக்கொள்வதானால் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கிவிடுங்கள். ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் இல்லை, ஓடிபிக்கு அது போதும். சிம்மை மாற்றினாலும் இ-சிம் ஆக்கினாலும் அடுத்த 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. விமானம் ஏறும் நாளில் சிம் மாற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆதாரில் எண்ணை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம், ரேகை விழுந்தால் போதும். பெரியவர்களை ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் வரிசையில் உட்கார வைக்கவும் தேவையில்லை. அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து எண்ணைப் பதிந்துவிடுவார். பகுதி அஞ்சலகத்தில் சொல்லிவைக்கலாம், 155299-இல் அழைத்தும் கேட்கலாம். சிக்கல் ரேகையில்தான் வரும். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களில், குறிப்பாக அம்மாக்களுக்கு, கட்டைவிரல் ரேகை விழாது. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு பொட்டு மட்டும் தேய்த்துத் துடைத்துவிட்டு, மோதிர விரலையும் நடுவிரலையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல்தான் வேண்டும் என்பதில்லை, பத்து விரலும் பதிவில் இருக்கின்றன.

அடுத்தது பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே தரலாம். பி.எஃப். பென்ஷன்காரர்கள் எந்த மாதத்திலும் தரலாம், தந்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். உங்கள் பயணம் பிப்ரவரியில் என்றால் பி.எஃப். பென்ஷனை அப்போதே முடித்துவிட்டுப் போகலாம். பலர் தெரியாமல் நவம்பருக்கே காத்திருக்கிறார்கள். மாநில அரசு ஓய்வூதியர்களின் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் என்ற இணையவழி உயிர்வாழ் சான்று முறையில் இப்போது முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் இரண்டு செயலிகள் வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண். முதலில் ‘ஆபரேட்டர்’, அதாவது செயலியை இயக்குபவர், என்று ஒருவருடைய ஆதாரையும் முகத்தையும் கேட்கும். இங்கேதான் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், அவர்களிடம் ஆதார் இருக்காது. கவலைப்பட வேண்டாம், அப்பாவே ஆபரேட்டராகலாம், பிறகு அவரே ஓய்வூதியராகவும் முகம் காட்டலாம். ஒரே போனில் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து முடித்துவிடலாம்.

முகம் ஏற்காமல் போவதற்குக் காரணம் அநேகமாக வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகும். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி பாருங்கள். காலண்டரில் இருக்கும் சாமி முகம்கூடச் செயலியைக் குழப்பும். பிறகு கண் சிமிட்டச் சொல்லும். கண்புரை அறுவை செய்தவர்களும் இமை தளர்ந்தவர்களும் வேகமாகச் சிமிட்டினால் கருவிக்குப் புரியாது. “மெதுவா மூடி, மெதுவா திறங்கப்பா” என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். படிவத்தில் மறுமணம், மறுவேலை என்று இரண்டு கேள்விகள் வரும். அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிட்டால் சான்று நிராகரிக்கப்படும். பி.பி.ஓ. எண்ணையும் (ஓய்வூதிய ஆணை எண்) கணக்கு எண்ணையும் பாஸ்புக்கைப் பார்த்து ஒருவர் படிக்க ஒருவர் தட்டுங்கள். குறுஞ்செய்தியில் பிரமாண் எண் வந்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அது சான்று உருவான செய்திதான். பென்ஷன் தரும் அலுவலகம் ஏற்றதா என்பதைச் சில நாள் கழித்து இணையதளத்தில் பார்க்க வேண்டும். போன் வேலையெல்லாம் ஒத்துவராது என்றால் தபால்காரர் 70 ரூபாய்க்கு வீட்டிலேயே எடுத்துக் கொடுப்பார். தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு இதுதான் நல்லது என்பேன், ஒரு மனிதர் வந்து பேசிவிட்டும் போகிறார்.

வங்கியில் இரண்டே வேலை. வெளிநாட்டில் குடியேறிய பிறகும் பழைய சேமிப்புக் கணக்கையே ஓட்டுவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு, அதை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது), வெளிநாட்டு முகவரிச் சான்று, பான், புகைப்படம் எல்லாவற்றையும் அசலோடு எடுத்துப்போங்கள். கணக்கு இருக்கும் கிளைக்கே போனால் ஒரே நடையில் முடியும். இரண்டாவது, அப்பா அம்மாவின் எல்லா வைப்புத் தொகைக்கும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு ரசீதாகப் பார்ப்பது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். பழைய ரசீதுகளில் மறைந்துவிட்ட தாத்தாவோ பாட்டியோ நாமினியாக இருப்பது சர்வ சாதாரணம்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாக. தென்மாவட்ட அரசுப் பேருந்துகளைப் பிடிக்கப் பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு அவை வண்டலூரைத் தாண்டி அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வடசென்னையிலிருந்து போவதானால் இரண்டு மணி நேரத்தையாவது ஒதுக்குங்கள். 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருகிறார்கள், டிசம்பரிலும் ஜூனிலும் பணிமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. கீழ்ப் படுக்கைதான் பெரியவர்களுக்கு உயிர். அதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூத்த குடிமக்கள் கோட்டாவில் 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள் தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு. உங்களையும் குழந்தைகளையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கணக்கு போய்விடும், அம்மாவுக்கு மேல் படுக்கையே விழலாம். அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் என்று எடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது குளியலறைக் கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுவதுதான் பல வீட்டில் நடக்கிறது. அது ஆள் எடையைத் தாங்கச் செய்ததல்ல. சுவரில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிக் கைப்பிடியையும் நம்ப வேண்டாம். 304 தர எவர்சில்வரில், 32 மில்லிமீட்டர் பருமனில், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டின் பக்கச் சுவரில் ஒன்றும் குளிக்கும் இடத்தில் ஒன்றும் போதும். பழைய செங்கல் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் நிற்கும். புது அடுக்ககங்களின் இலேசான வெள்ளைக் கல் சுவரில் அது நாளடைவில் ஆடும், அங்கே துளையில் பசை நிரப்பி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் கேளுங்கள். டைல்ஸில் துளை போடும்போது முதலில் டைல்ஸ் பிட்டால், டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். நேரடியாகச் சுத்தியல் ஓட்டத்தில் குத்தினால் டைல்ஸ் விரிந்துவிடும். பொருத்தியதும் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகு கூலி கொடுங்கள்.

இப்போது பீரோவுக்கு வருகிறேன். மீதி நேரம் முழுவதையும் பழைய படங்களுக்கே தரச் சொல்வேன். பென்ஷனை அடுத்த வருஷமும் சரிசெய்யலாம். 1960-களின் கல்யாணப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்ல அடுத்த வருஷம் ஆள் இருப்பார்களா என்பது நம் கையில் இல்லை.

சென்னையின் ஈரப்பதத்தில் படங்கள் கெடுவதற்குச் சில வழிகள் உண்டு. சட்டம் போட்ட படத்தில் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே, ஒளி பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படமெடுக்க வேண்டும். 80-களின் ஒட்டும் ஆல்பங்களில் பசை இறுகியிருக்கும். பல்லிடுக்கு நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல மெதுவாக இழுத்தால் கழன்று வரும். நெகட்டிவ் உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதுதான். வீடியோ கேசட்டின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளியோ பஞ்சு மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. ஓட்டிப் பார்க்காதீர்கள், பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் அப்பி, அடுத்து ஓடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஜப்பானின் ஃபூனாய் 2016-இல் நிறுத்தியதோடு புது வி.சி.ஆர். தயாரிப்பே முடிந்துவிட்டது. ஓடும் கருவி வைத்திருக்கும் கடைகள் குறைந்துகொண்டே போகின்றன.

கடையில் கொடுக்கும்போது அளவைச் சொல்லியே கொடுக்க வேண்டும். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு), தலைகள் சின்னதாகத் தெரியும் கூட்டப் படத்துக்கு 1200, 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400-க்குக் குறையாமல். ஒன்றும் சொல்லாவிட்டால் 300-இல் எடுத்து, ஓரத்தை வெட்டி, நிறத்தைப் பளிச்சென்று மாற்றி, முகத்தை வழவழப்பாக்கித் தருவார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் படத்தின் ஓரத்தில் அழுத்தியிருக்கும் ஸ்டூடியோ பெயர்தான் எந்த ஊர், எந்தக் காலம் என்று காட்டிக்கொடுக்கும். “திருத்தாமல், வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்து” என்று எழுதிக் கொடுங்கள். முதலில் ஐந்து படம் மட்டும் கொடுத்துத் தரத்தைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கேசட்டுகளுக்கு, பாட்டும் தலைப்பும் சேர்க்காமல் முழு ஒலியோடு ஒரே கோப்பாக, 720க்கு 576 பிக்சல் என்ற அசல் அளவில் கேளுங்கள். பெரிதாக்கித் தருகிறோம் என்றால் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், படம் சுருங்கிவிடும்.

ஸ்கேன் ஆனதும் எண் போட்டுப் பெரிய தாளில் அச்சடித்து, காலை டிபன் முடிந்து களைப்பில்லாத நேரத்தில் அம்மாவிடமும் பெரியவர்களிடமும் காட்டுங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, படத்தின் எண்ணை உரக்கச் சொல்லி, இடமிருந்து வலமாகக் கேளுங்கள். “கும்பகோணத்து அத்தை”, “பெரிய மாப்பிள்ளை” என்றுதான் முதலில் வரும். உங்களுக்குப் புரியும், உங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது. சொந்தப் பெயர், யாருடைய மகன் அல்லது மகள், எந்த ஊர் என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரே அமர்வில் முப்பது படத்துக்கு மேல் வேண்டாம், அதன் பிறகு பெயர்கள் குழம்பும். ஆண்டு தெரியாவிட்டால் “அக்கா பிறந்ததற்கு முன்னாலா பின்னாலா” என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், நிகழ்ச்சி, பிறகு பெயர்கள் என்ற வரிசையில் எழுதினால் தேடுவது சுலபம். பென்டிரைவை மட்டும் நம்பாமல், ஹார்ட் டிஸ்க் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். அசல் படங்களை எறிய வேண்டாம். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டில் வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பொட்டலத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மாற்ற வேண்டும்.