உப்புக்காற்றில் பிரேக் பேட்: மலிவானதா, விலை கூடியதா?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பைக்குக்குப் பிரேக் பேட் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், பிராண்டைக் கேட்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார்கள். பேடைத் திருப்பி அதன் முதுகுத் தகட்டைப் பார்ப்பவர் அபூர்வம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். லோக்கல் பேட், விலை கூடிய வெளிநாட்டு பேட், கம்பெனி ஒரிஜினல் என்று மூன்றையும் பல வருடங்கள் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

என் வண்டி யமஹா எஃப்இசட்-எஸ் வி3. 149 சிசி, முன்னால் 282 மி.மீ. டிஸ்க், பின்னால் 220 மி.மீ. டிஸ்க், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். வீடு உச்சிப்புளி. மருந்து மொத்த வியாபாரத்தில் வேலை. ஒரு நாள் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று கிழக்கே போவேன். மறுநாள் கீழக்கரை, ஏர்வாடி, தேவைப்பட்டால் சாயல்குடி வரை. எந்தப் பக்கம் போனாலும் கடல் கூடவே வரும்.

இந்தப் பாதையின் குணத்தைச் சொன்னால்தான் பேட் பற்றிச் சொல்வது புரியும். மாவட்டமே தட்டைச் சமவெளி. மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை, நீண்ட இறக்கம் இல்லை. ஆனால் திடீர் பிரேக் நிறைய. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில், ரயில் பாலத்தைப் பார்க்கச் சுற்றுலா வண்டிகள் நடுவிலேயே நின்றுவிடும். மண்டபம் தாண்டினால் ஆடும் மாடும் எந்த நேரத்திலும் ரோட்டுக்கு வரும். மீன் லாரிகள் சொட்டிக்கொண்டு போகும் உப்புத்தண்ணீர் ரோட்டில் கோடாக நீளும். பின்னால் போகும் பைக்கின் காலிபர், அதாவது பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம், அதன் மேல்தான் அது தெறிக்கும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த ரோட்டில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் ரோட்டின் குறுக்கே ஓடும். அந்த மணல் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே புகுந்தால் டிஸ்க்கில் வட்டக் கோடுகள் விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேடானாலும் இதிலிருந்து தப்பாது.

முதலில் லோக்கல் பேட். வண்டியோடு வந்த பேட் தேய்ந்ததும் உள்ளூர் ஸ்பேர்ஸ் கடையில் வாங்கினேன், ஒரு செட் 200 ரூபாய்க்குள். மாட்டியபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, டிஸ்க்கைக் கீறவில்லை. லீவரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மழையில் மட்டும் முதல் பிடி சற்றுத் தாமதமாக வந்தது. ரெசின் கலந்து அழுத்திச் செய்யும் ஆர்கானிக் வகைப் பேடுகளில் பொதுவாகவே ஈரத்தில் இந்தத் தயக்கம் உண்டு.

ஒரு மழைக்காலம் முடிந்தபின் லீவரில் ஒரு கடினம் தெரிந்தது. வண்டியைத் தள்ளினால் முன் சக்கரம் இழுத்துப் பிடித்தது. கீழக்கரையில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பேடைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“தம்பி, மேல பார்த்தா பேடு இன்னும் நெறைய இருக்கு. பின்னாடி திருப்பிப் பாருங்க, தகடு பொரிஞ்சு போச்சு.”

திருப்பிப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட் உரிந்து, தகடு முழுக்கத் துரு பொருக்குத் தட்டியிருந்தது. பேடின் ஒரு ஓரம் தகட்டிலிருந்து மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு நின்றது.

“அப்ப எதுதான் பாய் போடுறது?”

“கம்பெனி பேடே போடுங்க. மிச்சக் காசுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை காலிபர் பின்னைக் கழட்டித் துடைச்சுடுங்க.”

அந்த மயிரிழைதான் இந்தக் கடற்கரையின் உண்மையான ஆபத்து. பேட் என்பது இரண்டு பாகம்: உராயும் பொருள், அதைத் தாங்கும் இரும்புத் தகடு. இரண்டையும் பசையும் அழுத்தமும் ஒட்டவைத்திருக்கின்றன. தகட்டின் பெயிண்ட் மெலிதாக இருந்தால் உப்பு ஈரம் ஓரத்தில் புகுந்து ஒட்டுக்கு அடியில் துருவை உண்டாக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கடலோர வீடுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கூரைச் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறதே, அதே வேலைதான் பேடிலும் நடக்கிறது. முற்றினால், பிரேக் அழுத்தும் நேரத்தில் உராயும் பொருள் தனியாகக் கழன்றுவிடலாம். அப்புறம் டிஸ்க்கில் உரசுவது வெறும் இரும்பு. தேயாத பேடிலும் இது நடக்கும் என்பதுதான் பயப்பட வைக்கிறது. தடிமனை மட்டும் பார்த்து “பேட் நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிடுகிற பட்டறைகள் நிறைய.

அடுத்து, விலை கூடியது. மெக்கானிக் சொன்னதை உடனே கேட்காமல், நெட்டில் விசாரித்து, சின்டர்டு வகைப் பேட் ஒன்றை முன் சக்கரத்துக்கு வரவழைத்தேன். செம்பு முதலான உலோகப் பொடிகளை அழுத்திச் சூடாக்கிக் கட்டிய பேட். விலை 1,500 ரூபாயைத் தாண்டியது. முதுகில் ‘எச்எச்’ என்று பொறித்திருந்தது. உராய்வு அளவைச் சொல்லும் எழுத்துகள் இவை: எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கு மேல். முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது கடும் சூட்டுக்கு.

பிடி அருமை, அதை மறைக்க மாட்டேன். இரண்டு விரலால் தொட்டாலே வண்டி அமுங்கி நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. நனைந்த டிஸ்க்கிலும் முதல் அழுத்தத்திலேயே பிடித்தது. தகட்டின் பூச்சும் நல்ல தடிமன். இரண்டு மழைக்காலம் தாண்டியும் ஓரத்தில் லேசான துருதான்.

ஆனாலும் திரும்ப வாங்கவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அந்த இரண்டாவது எழுத்துக்கான சூடு இந்த ஊரில் வருவதே இல்லை. தோராயமாக ஒரு கணக்கு: வண்டி 137 கிலோ, அதோடு நானும் மனைவியும், மொத்தம் 270 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் வெளியேறும் ஆற்றல் சுமார் 37 கிலோஜூல். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள முன் டிஸ்க் ஒன்றே அத்தனையையும் வாங்கினாலும் அதன் சூடு 70 டிகிரி அளவே ஏறும். அடுத்த ஆடு குறுக்கே வருவதற்குள் கடற்காற்று அதை ஆற்றிவிடும். 300 டிகிரியில் தளராத பேடுக்கு இங்கே வேலை எங்கே இருக்கிறது?

வண்டி நிற்கும் தூரமும் அதனால் பெரிதாகக் குறையவில்லை. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிதான் கடைசி எல்லை. நல்ல நிலையில் உள்ள எந்த பேடும் பலமாக அழுத்தினால் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடித்துவிடும். விலை கூடிய பேடில் விரலுக்கு வேலை குறைகிறது, அளவாக அழுத்துவது எளிதாகிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் மணல் படிந்த ரோட்டில் அவ்வளவு கூர்மையான முதல் பிடி எனக்கு நிம்மதி தரவில்லை.

டிஸ்க் தேய்வு வேறு. 150 சிசி பைக்குகள் பெரும்பாலானவற்றில், புது டிஸ்க்குக்கும் மாற்றியே ஆக வேண்டிய அளவுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் போலத்தான் இடம். அந்தக் குறைந்தபட்ச அளவை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். கடினமான சின்டர்டு பேடும் நடுவில் மாட்டும் மணலும் சேர்ந்து அதை வேகமாகத் தின்றன. டிஸ்க் விலையையும் சேர்த்தால் அந்த 1,500 ரூபாய் எங்கேயோ போய் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலை கூடிய பேட் மாட்டியிருந்தபோதும் காலிபர் பின் இறுகத்தான் செய்தது. இந்த வகை வண்டியில் காலிபர் இரண்டு பின்களின் (உருளைக் கம்பிகளின்) மேல் வழுக்கி நகர வேண்டும். ரப்பர் உறை கிழிந்து உப்பு உள்ளே போனால் பின் துருப்பிடிக்கும், அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும், காலிபர் நகராது. அப்போது உள்பக்க பேட் ஒன்றே எல்லா வேலையையும் செய்து தேயும். கழற்றும்போது ஒரு பேட் பாதி, இன்னொன்று புதுசு மாதிரி இருந்தால் பேடைக் குறை சொல்லாதீர்கள், பின்னைப் பாருங்கள்.

இப்போது இரண்டு சக்கரத்திலும் கம்பெனி ஒரிஜினல் பேட்தான், ஒரு செட் 500 ரூபாய் வாக்கில். பிடி நடுத்தரம், சத்தம் கிடையாது, டிஸ்க் முகம் வழவழப்பாக இருக்கிறது. மழையில் மட்டும் சின்டர்டு அளவுக்கு இல்லை; நனைந்த ரோட்டில் முன்கூட்டியே லேசாக லீவரைத் தொட்டு டிஸ்க்கை உலர்த்திக்கொள்கிறேன். முன்பக்க பேட் 15,000 கி.மீ. வாக்கில் மாற்ற வேண்டி வருகிறது. தகடு அதுவரை தாங்குகிறது. எனக்கு அது போதும்.

அந்த மெக்கானிக் சொன்னபடி, மிச்சமாகும் பணத்தைப் பராமரிப்புக்குச் செலவழிக்கிறேன். மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை காலிபரைக் கழற்றி, பின்னைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவச் சொல்வேன். இதில் பிடிவாதமாக இருங்கள். பட்டறையில் கைக்கு எட்டும் சாதாரண கிரீஸ் பிரேக் ரப்பரை ஊத வைத்துவிடும். சிலிகான் கிரீஸ் சின்ன டியூப் ஒன்று வாங்கி வண்டிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 அளவுக்கு இறங்கிவிடும். இங்கே கொதிக்கும் சூடு வராது என்றாலும், ஈரம் காலிபருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனையும், லீவரோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. கடலோர ஊர்களில் வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான், பல இடங்களில் அது உப்பு. உப்பைப் போக்க உப்புத் தண்ணீரிலேயே கழுவி என்ன பயன்? காவிரித் தண்ணீர் குடிக்கவே அளந்து வரும் ஊரில் அதை வண்டிக்கு ஊற்ற எனக்கும் மனசு வராது. அதனால் கடை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்து வைக்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. வாரக்கடைசியில் அரை வாளி ஊற்றினால் இரண்டு காலிபரும் சுத்தமாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைப்பவர்களுக்கு அதுவும் சரி.

கடையில் பேட் வாங்கும்போது டப்பாவைத் திறந்து பார்க்கத் தயங்காதீர்கள். தகட்டின் ஓரத்திலும் துளைகளிலும் பெயிண்ட் முழுதாகப் பிடித்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் வெள்ளை இரும்பு தெரிகிறதென்றால் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உராயும் பொருளுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி, ஓரத்தில் உதிரும் பொடி, அழிந்த பார்ட் நம்பர் இருந்தால் வேண்டாம். ஒரிஜினல் டப்பாவிலேயே டூப்ளிகேட் வருகிறது. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவது நல்லது.

“முன்னாடிக்கு நல்லது போடுங்க, பின்னாடிக்கு லோக்கலே போதும்” என்று பலரும் சொல்வார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது சரியாக இருக்கலாம், இங்கே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின் பேட் மெதுவாகத் தேய்கிறது. அதனாலேயே பல வருடம் வண்டியில் கிடக்கிறது. டயர் வாரி அடிக்கும் மணலும் உப்புத்தண்ணீரும் அதன் மேல்தான். தேய்ந்து முடிவதற்குள் தகடு அழுகிவிடும். பின் பேடுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, வருடக் கணக்குத்தான். தேயாவிட்டாலும் மூன்று வருடத்தில் மாற்றிவிடுகிறேன்.

ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா வேலைக்குப் போனவர்களின் பைக்குகள் தார்ப்பாய்க்கு அடியில் மாதக் கணக்கில் நிற்கின்றன. விடுமுறையில் வந்ததும் பேட்டரியைச் சார்ஜ் போட்டு, காற்றடித்து, அன்றே இராமேசுவரம் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். சக்கரம் இழுத்தாலும், லீவரை விட்டபின் உடனே விடுபடாவிட்டாலும், ஓட்டாமல் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் நான்கு பேடையும் கழற்றித் திருப்பிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.