சாயங்காலம் 4.20-ஐக் காலை 10.50 ஆக்கிய ரிப்போர்ட்

இன்சூரன்ஸ் கிளெய்ம் நின்றுபோய், "உங்க போட்டோ எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு நாங்க நிரூபிச்சுத் தர்றோம்" என்று யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் 7,500 ரூபாய் கொடுத்த பிறகுதான் படித்தேன்.

தக்கலையில் எனக்கு ஒரு மினி லாரி ஓடுகிறது. நாகர்கோவிலில் வாழைக்குலை ஏற்றி மேற்கே கொண்டுபோவதுதான் தொழில். போன வருஷம் ஆனி மழையில், வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து மூன்று நாள் ஆனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அது என் தப்புதான், மறைக்கவில்லை. நான்காம் நாள் காலை ஏஜென்டைக் கூப்பிட்டேன். வண்டியை நாலு பக்கமும் என் போனிலேயே எடுத்து அனுப்பச் சொன்னார். 9.15-க்கு எடுத்து அனுப்பினேன், பணமும் கட்டினேன். பகல் 12 மணியிலிருந்து பாதுகாப்பு என்று போட்டு பாலிசி வந்தது.

அன்றைக்கே சாயங்காலம் 4.20-க்கு வில்லுக்குறியில் ஒரு பைக்காரரைத் தப்பிக்க வைக்கப் பிரேக் போட்டேன். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. முன்பக்கமும் ரேடியேட்டரும் போயின. ரோட்டில் சிதறிய செவ்வாழைக் குலைகளைப் பொறுக்கிக் கொடுக்க நாலு பேர் ஓடிவந்தார்கள், அதில் இரண்டு குலை திரும்பி வரவேயில்லை. அது கிடக்கட்டும். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 1,38,000 ரூபாய்.

பாலிசி எடுத்த அன்றே விபத்து என்றால் கம்பெனி சந்தேகப்படத்தான் செய்யும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் படுவேன். விசாரணைக்கு வந்தவர், விபத்துப் படங்களை வாட்ஸ்அப்பில் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னார். அதில் விஷயம் இருக்கிறது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் எல்லாம் உதிர்ந்துபோகும். டாகுமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். சரி என்று அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் நேரம் 10.50, கேமரா நேரம் 16.20, இரண்டும் பொருந்தவில்லை; விபத்து பாலிசிக்கு முன்பே நடந்திருக்கிறது, போன் கடிகாரம் மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே கிளெய்ம் இல்லை. படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடிகாரத்தைத் திருப்பி வைக்க எனக்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்றுகூடத் தெரியாது.

அப்போதுதான் ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தர் சொல்லி, நாகர்கோவிலில் டிஜிட்டல் ஆய்வு என்று போர்டு மாட்டியிருந்த ஓர் ஆபீஸுக்குப் போனேன். ஏசி ரூம், டை கட்டிய ஆள். "கவலையே படாதீங்கண்ணே, கோர்ட்டுக்கே செல்லுபடியாகும்" என்றார். 7,500 வாங்கிக்கொண்டு நாலாம் நாள் கலர் பிரிண்டில் பன்னிரண்டு பக்கம் கொடுத்தார். ஏழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: "விபத்து நேரம்: காலை 10.50." என் காசில் கம்பெனிக்கு ஆதாரம் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறார்!

தூத்தூரில் என்னோடு படித்தவன் ஒருவன் ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் டிரைவராக இருக்கிறான். கரையில் இருந்த ஒரு நாள் ஆறுதலுக்காக அவனிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"மக்கா, இது கிரீன்விச் நேரமாக்கும். போட்ல உள்ள ஜிபிஎஸ்ல நம்ம நேரத்த செட் பண்ணாம விட்டா இப்படித்தான் காட்டும். அஞ்சரை மணிக்கூர் கூட்டிப் பாரு."

கூட்டினேன். 10.50-உம் 5.30-உம் 16.20. வயிறெரிந்தது என்பதா, உயிர் வந்தது என்பதா, தெரியவில்லை.

விஷயம் இதுதான். படக் கோப்புக்குள் இரண்டு கடிகாரம் எழுதுகிறது. ஒன்று போனின் கடிகாரம், நம் ஊர் நேரத்தை எழுதும். இன்னொன்று செயற்கைக்கோளிலிருந்து வரும் நேரம், அது எப்போதும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில்தான் பதியும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். என் படத்தில் வினாடி வரை பார்த்தால் 10:50:37, 16:20:41. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணியும் நாலு வினாடியும். கடிகாரத்தை மாற்றியிருந்தால் இவ்வளவு கச்சிதமாக ஐந்தரை எப்படி வரும்? காலையில் ஏஜென்ட் கேட்டு எடுத்த படங்களிலும் அதே இடத்தைத் திறந்து பார்த்தோம். அதிகாலை 3.45 என்று இருந்தது. படத்திலோ நல்ல பகல் வெளிச்சம், பக்கத்து வீட்டுப் பிள்ளை யூனிபார்மில் நிற்கிறாள்.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் இந்த 3.45-ஐத்தான் முதலில் வைத்தேன். கூடவே அன்று சாயங்காலம் 3.42-க்குப் பார்வதிபுரத்தில் டீசல் போட்ட பங்க் பில், வண்டி நம்பரோடு. அதே பணத்துக்கான யுபிஐ பதிவு வங்கி ஸ்டேட்மெண்டிலும் இருந்தது. என் போன் நேரத்தை நான் மாற்றினேன் என்று சொல்லலாம், வங்கி சர்வரையுமா மாற்றுவேன்? காலையிலேயே நொறுங்கிய வண்டிக்குச் சாயங்காலம் எதற்கு டீசல்?

ஒரு நல்ல ஆதாரத்தைக் கைவிட்டதும் சொல்ல வேண்டும். இடித்த இடத்துக்கு எதிரே ஹார்டுவேர் கடையில் கேமரா உண்டு. நான் போய்க் கேட்டபோது ஒரு மாதம் தாண்டிவிட்டது, பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டது. ஹார்டு டிஸ்க் நிறைந்தால் கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆர் பெரும்பாலும் அப்படித்தான் செய்யும். அந்தக் கடை டிவிஆரில் கடிகாரமும் 37 நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு கிடைத்திருந்தாலும் அதுவே புதுச் சண்டையாகியிருக்கும். ஆகவே விபத்து நடந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். டிவிஆர் திரை காட்டும் நேரத்தையும் உங்கள் போனில் ஓடும் சரியான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிஷம் தள்ளி ஓடுகிறது என்பதற்கு அது சாட்சி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரில் இருக்கிற தேதியை நம்பாதீர்கள், அது படம் வாட்ஸ்அப்புக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல.

"கோர்ட்டுக்கே செல்லுபடி" என்று அந்த ஆள் சொன்னதை ஒரு வக்கீலிடம் காட்டினேன். பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "சர்டிபிகேட் எங்கே?" என்றார். மின்னணு ஆதாரத்துக்குச் சர்டிபிகேட் கேட்பது, 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு. அதன் அட்டவணையில் இருக்கும் படிவத்தில் 'ஏ' பகுதியை ஆதாரத்தைத் தருபவரும் 'பி' பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். என் ரிப்போர்ட்டில் ஹாஷும் இல்லை, நிபுணர் கையெழுத்தும் இல்லை. இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒரு தளத்தில் படத்தைப் போட்டு, வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்திருக்கிறார்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கச் சென்னையில் இருக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் சேர்த்திருந்தேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் ஃபைலைத் திரும்பத் திறந்தார்கள், தேய்மானம் கழித்து 1,09,000 வந்தது.

அந்த 7,500-ஐத் திருப்பிக் கேட்டு ஆபீஸுக்குப் போன் போட்டேன். டை கட்டியவர்தான் எடுத்தார்.

"ரிப்போர்ட்ல தப்பே இல்லைண்ணே," என்றார். "டைம் மட்டும்தான் வேற நாட்டு டைம்."