யவன மகளிர் கொலு செட்: சீட்டைத் திருத்திவிட்டு வாங்கலாம்

திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மை என்றால் பாண்டிச்சேரிக்காரர்கள் தசாவதாரமும் கல்யாண செட்டும்தான் கேட்டு வாங்குவார்கள். இந்த ஆண்டு அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்று, கிரேக்கர் ட்ராய் நகரை முற்றுகையிட்ட போர்க்கதையின் பெண்களைச் செட்டாக இறக்கியிருக்கிறது. ஒன்பது பொம்மை, ஒவ்வொன்றும் பத்து அங்குலம், விலை 5,400 ரூபாய். பெனலோப்பி, கிளைத்தம்நெஸ்திரா, அந்திரோமக்கே, ஹெக்குபா, கசாந்திரா, பிரிசேயிஸ், கிரிசேயிஸ், தெக்மெஸ்ஸா, ஹெக்கமெடே. அரிக்கமேட்டு மண்ணில் யவன மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த ஊர் இது. இவர்கள் நம் கொலுப்படி ஏறுவது நியாயம்தான்.

முதலில் வேலைப்பாடு. காகிதக்கூழோடு சாக்கட்டி மாவும் பசையும் பிசைந்து, முன்பாதி பின்பாதி என்று இரண்டு அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்து, ஒட்டி, உப்புத்தாள் போட்டு, வெள்ளை பூசிய பிறகுதான் வண்ணம். இதில் எப்போதும் கெடுவது ஒட்டு. உள்ளே ஈரம் இருக்கும்போதே இரண்டு பாதியையும் சேர்த்துவிட்டால், காயக் காயச் சுருங்கி, தோளிலிருந்து இடுப்பு வரை மயிரிழை போல விரிசல் விடும். பொம்மையைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள். விரலால் சுண்டுங்கள், நன்றாகக் காய்ந்தது ‘டொக்’கென்று ஒலிக்கும், ஈரமுள்ளது மொத்தென்று கேட்கும். இந்தச் செட்டில் ஒட்டு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அடிப்பாகத்தை மூடாமல் விட்டிருக்கிறார்கள். பூச்சி உள்ளே போக அந்த ஓட்டை போதும். கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டி, மேலே ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

ஒன்பதில் ஆகச் சிறந்தது ஹெக்கமெடே. டெனெடோஸ் தீவைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் சூறையாடியபோது பிடிபட்டு, கிரேக்கரின் கிழ அரசர் நெஸ்டருக்குப் பங்காகக் கொடுக்கப்பட்டவள். ஹோமர் பாடிய இலியத்தில் அவள் வரும் இடம் சின்னது. களைத்து வந்தவர்களுக்குப் பானம் கலக்குகிறாள்: பிராம்னிய மது, அதில் வெண்கலத் துருவியால் சீவிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மேலே தூவிய வெள்ளை பார்லி மாவு. தொட்டுக்கொள்ள வெங்காயமும் தேனும். கூழுக்குச் சின்ன வெங்காயம் கடிக்கிற நமக்கு இது சட்டென்று புரியும். பட்டறைக்காரர் அந்தத் துருவியை அரையங்குலத் தகட்டில் ஊசியால் குத்தி, முள்முள்ளாக எழுப்பி, அவள் வலக்கையில் பதித்திருக்கிறார். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால் முள் நுனியில் வெள்ளைப் பொடிகூட இருக்கிறது. நெஸ்டரின் கிண்ணத்துக்கு நான்கு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் இரண்டு புறா என்பது பாட்டு. பொம்மையில் இரண்டு கைப்பிடிதான். அந்தத் துருவிக்காக இதை மன்னிக்கலாம்.

பெனலோப்பியை மன்னிக்க முடியாது. கணவன் ஒடிசியஸ் ஊர் திரும்பாதபோது, மாமனார் லாயெர்ட்டீசுக்கான சவச்சேலையைப் பகலில் நெய்து இரவில் பிரித்து, தன்னை மணக்க வந்த 108 பேரை மூன்று வருஷம் ஏமாற்றியவள் அவள். பக்கத்தில் நம்மூர்க் குழித்தறியை வைத்திருக்கிறார்கள். கிரேக்கத் தறி நிற்கும் தறி: சுவரில் சாய்த்த இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அதிலிருந்து தொங்கும் பாவு, பாவின் நுனியில் இழுவைக்குக் கட்டிய களிமண் குண்டுகள். நெய்பவள் நின்றபடி இப்படியும் அப்படியும் நடந்து ஊடை கோத்து, மேல்நோக்கி அடிப்பாள். துணி மேலிருந்து கீழே வளரும். நல்லவேளை, தறி தனித்துண்டு, பொம்மையும் நின்ற கோலம். 25 செ.மீ. மூங்கில் குச்சி இரண்டு, 15 செ.மீ. குச்சி ஒன்று, இருபது வெள்ளை நூல். நான்கு நான்காகச் சேர்த்து ஐந்து களிமண் மணியில் கட்டினால் சரியான தறி கிடைத்துவிடும். நூல் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க, கட்டுவதற்கு முன் மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

பெயர்ச் சீட்டில் பிரிசேயிசும் கிரிசேயிசும் இடம் மாறியிருக்கிறார்கள். பக்கத்தில் பொற்கோல் ஏந்திய கிழவர் இருந்தால் அவள் கிரிசேயிஸ். அவர் அப்பல்லோ தெய்வத்தின் பூசாரி, மகளை மீட்க வந்தவர். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவளைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததால்தான், அந்த நஷ்டத்துக்கு ஈடாக அக்கிலீசிடமிருந்து பிரிசேயிசைப் பறித்தான். தலை குனிந்து, மனமில்லாமல் நடப்பவள் பிரிசேயிஸ். இரண்டு பெயருக்கும் இன்னாரின் மகள் என்றுதான் பொருள். பாரி மகளிரை நாம் தகப்பன் பெயரால் அறிவது போலத்தான் இவர்களையும் உலகம் அறிகிறது.

அதே சீட்டு பிரிசேயிசை ‘அக்கிலீசின் மனைவி’ என்கிறது. இது பெரிய பிழை. லிர்னெஸ்ஸஸ் நகரில் அவள் கணவனைக் கொன்றவனே அக்கிலீஸ். மூன்று சகோதரர்களும் அன்றே மாண்டார்கள். அக்கிலீசுக்கு முறையான மனைவியாக்கிக் கலியாண விருந்து வைக்கச் செய்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் அக்கிலீசின் தோழன் பட்ரோக்ளஸ்; அவனும் செத்துப்போனான். அவன் பிணத்தின்மேல் விழுந்து அவள் அழுவது அதைச் சொல்லித்தான். இந்தப் பெண்களுக்குத் தமிழில் சரியான சொல் இருக்கிறது: கொண்டி மகளிர். பகைவரிடமிருந்து கொண்டுவரப்பட்டு, நீராடி, அம்பலத்தில் அந்தி விளக்கு ஏற்றுபவர்களைப் பட்டினப்பாலை அப்படித்தான் அழைக்கிறது. சீட்டில் அதையே போடலாம்.

மனைவியர் மேல்படி, கொண்டி மகளிர் கீழ்ப்படி என்று அடுக்கச் சொல்கிறது விளக்கத்தாள். அப்படி வைத்தால் கதை அறுந்துபோகும். அந்திரோமக்கேயை எந்தப் படியில் வைப்பது? கணவன், ட்ராய் இளவரசன் ஹெக்டர் இருந்தவரை அவள் மேல்படி. தேபே நகரில் தகப்பனையும் ஏழு சகோதரர்களையும் ஒரே நாளில் கொன்றவன் அக்கிலீஸ்; ட்ராய் விழுந்ததும் அவன் மகன் நியோப்டோலமஸுக்கே அவள் அடிமையானாள். ட்ராயின் ராணி ஹெக்குபா ஒடிசியஸின் பங்கு. அவள் மகள் கசாந்திரா அகமெம்னானின் பங்கு. அவனோடு ஊர் போய்ச் சேர்ந்த அன்றே அவன் மனைவி கிளைத்தம்நெஸ்திராவின் கையால் செத்தாள். நேற்று யாருக்கோ மனைவியாகவோ மகளாகவோ இருந்தவர்கள்தான் கீழ்ப்படியில் நிற்கிறார்கள். ஊர்வாரியாக அடுக்குங்கள்: நடுவில் ட்ராய், வலப்புறம் கிரேக்கர் பாசறை, இடப்புறம் ஊரில் காத்திருக்கும் பெனலோப்பியும் கிளைத்தம்நெஸ்திராவும். ஐந்து படியில் ஒரே படி போதும், மூன்றரை அடி நீளம் வேண்டும்.

கிரேக்க வீரன் அஜாக்ஸின் கொண்டி மகள் தெக்மெஸ்ஸாவின் கையில் குழந்தை அழகு. அஜாக்ஸின் கேடயம் மட்டும் தட்டு மாதிரி வட்டமாக இருக்கிறது. ஏழு மாட்டுத்தோல் அடுக்கிய அது சுவர் போல நெடிதாக நிற்க வேண்டும். ஆடைகள் எல்லாமே முந்தானை போட்ட சேலையாகிவிட்டன. இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியதாகத் தங்க நிறத்தில் புள்ளி வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

கொலு முடிந்ததும் ஐப்பசி மழை. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், உள்ளேயே வியர்த்து வண்ணம் உரியும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, தரையில் படாமல் பரணில் வையுங்கள்.

தனிப் பொம்மையும் செய்து தருகிறார்கள், 650 ரூபாய், இருபது நாள். ஆடிக்குள் சொல்லிவிட வேண்டும், பிறகு அச்சு கிடைக்காது. இரண்டாவது அந்திரோமக்கே ஒன்று கேளுங்கள். அதே அச்சு, ஆனால் கையில் குழந்தை வேண்டாம், தலையில் அந்த மணிமுக்காடும் வேண்டாம். கலியாண நாளில் காதல் தெய்வம் அப்ரோடைட் கொடுத்தது அது. ஹெக்டரின் பிணத்தைத் தேரில் கட்டி அக்கிலீஸ் இழுப்பதை மதில்மேலிருந்து பார்த்தபோது அவள் தலையிலிருந்து விழுந்துவிட்டது.